தண்ணீர் ஆடாத கண்ணாடி

ஜூலை 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது என்னோடு மல்லுக்கு நிற்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை பாய்லர் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறாயா?

கடிகாரக் கடையை மூடிவிட்டேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் குனிந்தவளால் சும்மா இருக்க முடியுமா? இங்கே பழைய நூல் கிடங்கு ஒன்றில் மாதிரி ரயில் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர், ஒரு பஸ் கண்டக்டர், மொத்தம் பதினொரு பேர். நாற்பது மீட்டர் நீள மேஜை. அதில் மலை, குகை, மூன்று பாலம், ஏழு ஸ்டேஷன். நாற்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

எல்லோரும் ஆளுக்கொரு இன்ஜின் செய்கிறோம். நீ இப்போது பழுது பார்க்கிற நீராவி இன்ஜினை, உன் சண்டைக்காரியை, நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிப்புறம் முடிந்துவிட்டது. ஆட்கள் நின்று ஓட்டுகிற உள்பக்கம்தான் பாக்கி. அங்கே என்னென்ன இருக்கிறது, எது எந்த நிறம் என்று விவரமாக எழுது. ஒரு போட்டோவும் வேண்டும். உன் காது மட்டும் ஒழுங்காக இருந்தால் போனிலேயே கேட்டிருப்பேன். பாய்லருக்குள் உட்கார்ந்து சுத்தியல் அடித்தே அதைத் தொலைத்துவிட்டாயே!

பதில் சீக்கிரம் போடு.

உன் தங்கை,
நீ வைத்த பெயரில் சொன்னால், பூதக்கண்ணாடி


ஜூலை 29

தங்கைக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். பதில் தாமதம். வேலை.

பொம்மை ரயிலுக்கு இவ்வளவு விசாரணையா? சரி, கேட்டுவிட்டாய். முக்கியமானது ஒன்றுதான்: தண்ணீர்க் கண்ணாடி. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் குழாய். இவளுக்கு ஒன்றே ஒன்று. அதன் பின்னால் சாய்வுக் கோடு போட்ட தகடு இருக்கும். வெள்ளையில் கறுப்புக் கோடு. குழாயில் தண்ணீர் இருக்கிற இடத்தில் மட்டும் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். அதை வைத்து மட்டத்தைக் கண்டுபிடிக்கலாம்.

குழாயைத் திறக்கவும் மூடவும் ஒரு கைப்பிடி. மற்ற இன்ஜின்களில் குறுக்கே நின்றால் திறப்பு, கீழே தொங்கினால் மூடல். இவளுக்கு நேர்மாறு. தொங்கினால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். எதிலும் எதிர்க்கட்சி. அதனால்தான் சண்டைக்காரி.

டிரைவர் பாதையைப் பார்ப்பார். தண்ணீர் என் பொறுப்பு. மட்டம் இறங்கி அடுப்பின் கூரைத் தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால், நெருப்பில் பழுத்து இளகி, பாய்லர் வெடிக்கும். அதனால் ஓட்டம் இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் பாய்லர் மேஸ்திரி, அதாவது நான், "இன்ஜின் தகுதி" என்று சீட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டி நகராது.

கரி போட ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆறு மாதம்தான் ஆகிறது. ஃபயர்மேன் என்றேதான் கூப்பிடுகிறோம். கெட்டிக்காரி.

போட்டோ பிறகு.

அண்ணன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கத்தில் எழுதக்கூடியதை ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப் பாக்கு அளவு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பேனா சரியில்லையா, கண்ணா? போன வருஷமே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினாயா?

கிடங்கைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை விடுகிறோம். போன வாரம் ஒருவர் நாலு மணி நேரம் ஒரே பாலத்தின் முன் நின்றார். "என்ன சார் பார்க்கறீங்க?" என்று கேட்டேன். "வண்டி வரும்," என்றார். "இப்பத்தானே போச்சு?" "மறுபடி வரும்ல?" அவ்வளவுதான் அவர் பதில். எனக்கு அது போதும் என்று தோன்றியது. வெளியே எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரிகிறது? இங்கே வருவது வரும்.

"மேஜையில் கை வைக்காதீர்கள்" என்று பலகை தொங்கவிட்டிருக்கிறோம். எல்லோரும் வைக்கிறார்கள். நானும்தான். வண்டி குகைக்குள் இருக்கும்போதே மேஜை ஓரத்தில் விரலுக்கு ஒரு நடுக்கம் தெரிந்துவிடும். கண்ணுக்கு அப்புறம்தான்.

கோட்டின் நிறம் கறுப்புதானே? பூச்சு காய்ந்துவிட்டால் மாற்ற முடியாது. இன்னொரு தடவை பார்த்து எழுது. போட்டோவை மறக்காதே.

உன் தங்கை


செப்டம்பர் 14

தங்கைக்கு,

நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

நேற்று சோதனை ஓட்டம். பதினேழு வருஷம் துருப்பிடித்துக் கிடந்தவள் தானாக மூச்சுவிட்டு நகர்ந்தாள். காது கேட்காதவனுக்கு விசில் எதற்கு? உள்ளங்காலில் கேட்டேன். தரைத் தகடு வழியாக இடுப்பு வரை ஏறியது. அழுதேன். டிரைவரிடம் கரித்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஃபயர்மேன் அசந்துபோனாள். என் கையைப் பிடித்து இழுத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "மேட்டில் ஏறும்போதும் இறக்கத்திலும் தண்ணீர் பாதிக் கண்ணாடியிலேயே நின்றது. அசையவே இல்லை. எப்படி மேஸ்திரி?" பழகிய கை என்று சொன்னேன்.

திரும்பி வந்ததும் டிரைவர் எடுத்த போட்டோ இதோடு. கோடு கறுப்புதான். நேற்றுகூடப் பார்த்தேன், கரி மாதிரிக் கறுப்பு.

நவம்பர் 15 திறப்பு விழா. ஐந்து பெட்டி, இருநூற்று நாற்பது பேர், மலைப்பாதையில். உனக்கும் உன் மகளுக்கும் அவள் இரண்டு பிள்ளைகளுக்குமாக நாலு பாஸ் வைத்திருக்கிறேன். பாய்லருக்கு அடுத்த முதல் பெட்டி. கேட்டு வாங்கினேன்.

அண்ணன்


செப்டம்பர் 20

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது நிதானம் இல்லை. போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்க்கிறேன். மகளையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அதுவே தெரிகிறது.

தகட்டில் இருப்பது கறுப்புக் கோடு இல்லை. சிவப்பு. யாரோ புதுத் தகடு மாட்டியிருக்கிறார்கள். நேற்றுகூடப் பார்த்தேன் என்று எழுதினாயே, எதைப் பார்த்தாய்?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். கைப்பிடி குறுக்கே நிற்கிறது. இவளுக்குக் குறுக்கே நின்றால் மூடல் என்று எழுதியவன் நீ. ஓட்டம் முடிந்தபின் மூடினாய் என்று நினைத்து மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் தண்ணீர் அசையவில்லை என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். மேட்டில் ஏறுகிற இன்ஜினில் தண்ணீர் எப்படி அசையாமல் நிற்கும்? அது பாய்லர் தண்ணீர் இல்லை. குழாய்க்குள் அகப்பட்டுக்கொண்ட தண்ணீர். பாய்லரில் என்ன இருந்தது என்று உங்கள் மூன்று பேருக்கும் தெரியாமலே மலையேறி இறங்கியிருக்கிறீர்கள்.

இது என் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உடனே பதில் போடு.

தங்கை


செப்டம்பர் 27

தங்கைக்கு,

நலம்.

பொம்மை செய்கிறவர்கள் இன்ஜினுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். போட்டோவில் கோணம் மாறித் தெரியும். நாற்பத்தொரு வருஷம் இதே வேலை. ஒரு பாய்லரும் என் கையில் கெட்டதில்லை.

கைப்பிடி சரியாக இருக்கிறது.

அண்ணன்


அக்டோபர் 3

அண்ணா,

உன் நலத்தை உன் எழுத்தே சொல்கிறது. இந்தத் தடவை நாலு வரிக்கு இரண்டு தாள்.

சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரியாக இருந்ததா, நீ சரி செய்தாயா? இரண்டும் ஒன்றில்லை. சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம். கண்ணைப் பற்றி ஆகஸ்டில் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. நீ எதை எழுதாமல் விடுகிறாயோ அதைத்தான் நான் இப்போதெல்லாம் படிக்கிறேன்.

உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோதும் ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மறைத்தவன் நீ. ஆனால் அது உன் கை. முதல் பெட்டியில் என் பேரப் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். சின்னவள் இப்போதே ஜன்னல் ஓரம் கேட்டு அழுகிறாள்.

உங்கள் ஷெட் மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். போட்டோவும் அதற்குள்தான். மாதம் முடிவதற்குள் நீயே அவரிடம் போய்ச் சொல். அப்படிச் சொல்லவில்லை என்றால் அதை நானே அனுப்பிவிடுவேன், என்னை மன்னிக்காதே.

தங்கை


அக்டோபர் 28

பூதக்கண்ணாடிக்கு,

நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்து முடிக்கவே ஐந்து நாள் ஆயிற்று. கண்ணாடிக் கடையில் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கி, ஜன்னலில் வெயில் விழும் ஒரு மணி நேரத்தில் நாலைந்து வரி. மிச்ச நாளெல்லாம் என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

போட்டோவைப் பற்றி நீ செப்டம்பரில் எழுதியதைப் படித்த அன்றே ஷெட்டுக்குப் போய்க் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். குறுக்கே நின்றது. சோதனை ஓட்டத்துக்கு முன் குழாயைச் சுத்தம் செய்தேன். முடித்துவிட்டுத் திறக்கிறேன் என்று கைப்பிடியைக் குறுக்கே திருப்பியிருக்கிறேன். மற்ற இன்ஜின்களில் அதுதான் திறப்பு. இவளுக்கு நேர்மாறு என்று உனக்குப் பாடம் எழுதிய அதே கை, பழக்கத்தில் திருப்பிவிட்டது. முன்பெல்லாம் கை தப்பினாலும் கண் பிடித்துவிடும். நான் திறந்துவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை. சோதனை ஓட்டத்தன்று பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். வேண்டாம், எழுத மாட்டேன்.

இரண்டு கண்ணிலும் நடுவில் புகை. ஓரம் மட்டும் தெரிகிறது. டாக்டர் இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார். அது மார்ச் மாதம்.

நேற்று இரண்டாவது ஓட்டம். "தண்ணி எவ்வளவு?" என்று ஃபயர்மேனிடம் பரீட்சை வைப்பதுபோலக் கேட்டுக்கொண்டே வந்தேன். தோளில் விரலால் தட்டிச் சொன்னாள். நன்றாகவே ஓடியது. அந்த ஒரு நாளுக்கு இது போதாதா? பதினைந்தாம் தேதி மட்டும். அப்புறம் நானே இறங்கிவிடுகிறேன்.

எனக்குக் காது இல்லை. கண்ணும் போனால் அறைக்குள் யார் வந்தார்கள் என்றுகூடத் தெரியாது. உன் கடிதமும் வெறும் தாளாகிவிடும். என் உள்ளங்கால் இன்னும் வேலை செய்கிற ஒரே இடம் அந்த இன்ஜின். பயமாக இருக்கிறது.

அண்ணன்


நவம்பர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைப் பெயிண்ட் பிரஷால் எழுதுகிறேன், ஒரு தாளுக்கு நாலே வரி. லென்ஸ் இல்லாமல் படி.

மார்ச் மாதமே தெரிந்தும் எட்டு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவே இல்லை. அழுகைக்கும்தான்.

ஆனால் அந்த ஒரு நாளும் கிடையாது. அந்தப் பெண், மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று உன் முகத்தைப் பார்க்கிறாள். நீ அவள் தட்டுவதை நம்பி நிற்கிறாய். பரீட்சை என்று நினைக்கிறவள் பதிலை ஊகித்துக்கூடச் சொல்வாள். உன் கண் அவள்தான் என்று அவளுக்கே தெரியாதபோது, கண்ணாடியைப் பார்ப்பது யார்?

மேற்பார்வையாளருக்கு எழுதிய கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், உறை ஒட்டாமல். உன் கையால் நீ கொடு. பத்தாம் தேதிக்குள் எனக்குத் தகவல் வராவிட்டால், பதினொன்றாம் தேதி காலை உங்கள் ஷெட் வாசலில் நிற்பேன். முழங்கால் வலியோடு வரவைத்த பாவம் உனக்கு.

நீ தனியாக விடப்பட மாட்டாய். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிப்பேன்.

உன் தங்கை


நவம்பர் 8

வணக்கம் அம்மா. இதை எழுதுவது ஃபயர்மேன், சொல்வது உங்கள் அண்ணன். அவர் பேசுவதை அப்படியே எழுத வேண்டுமாம். ஒரு எழுத்து மாற்றினாலும் கரி அள்ளுகிற சட்டியால் போடுவாராம்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? நான் இருக்கேன்.

உன் பெரிய எழுத்தைப் படிச்சுட்டேன். உள்ள வெச்ச தாளைத்தான் படிக்க முடியல. எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு. அதைக் கிழிச்சு அடுப்புல போட எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்பு பக்கத்துலதான் இருந்துச்சு. கதவும் திறந்துதான் கிடந்துச்சு. பொய் சொல்லல, கை அந்தப் பக்கம் போச்சு.

அப்புறம் இந்தப் பொண்ணுகிட்ட நீட்டினேன். 'படி'ன்னேன். படிச்சா. என்னையே பார்த்தா. அவ முகம் எனக்குப் புகையாத்தான் தெரிஞ்சுது. என் உள்ளங்கையை விரிச்சு, விரலால ஒவ்வொரு எழுத்தா எழுதினா: 'அன்னைக்கு நானும் உள்ளதான் இருந்தேன் மேஸ்திரி.' அவ்வளவுதான் எழுதினா. நாப்பத்தொரு வருஷத்துல என்னை யாரும் அப்படி அடிச்சதில்ல.

அவளையே கூட்டிக்கிட்டு மேற்பார்வையாளர்கிட்ட போனேன். அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரல. இன்னைக்குச் சீட்டு எழுதணும்ல, அதைக் கேட்டு வாங்கி எழுதினேன். உனக்கு நகல் வெச்சிருக்கேன்.

வேற ஷெட்லேர்ந்து ஒரு மேஸ்திரி வர்றார். வண்டி பதினஞ்சாம் தேதி ஓடும். பிள்ளைங்களைத் தைரியமா கூட்டிட்டு வா. சின்னவளுக்கு ஜன்னல். உன் பக்கத்து சீட்டு எனக்கு."

அம்மா, இனி நான் சொல்வது. சீட்டை யார் உதவியும் இல்லாமல் எழுதினார். வெளியே வந்தபிறகுதான் என் தோளைத் தேடிக் கை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அவர் எழுதியது இது:

"இன்ஜின் தகுதி. மேஸ்திரி தகுதியில்லை."


டிசம்பர் 19

(உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு. பின்பக்கத்திலிருந்து ஊசியால் அடித்து, எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக மேலே எழுப்பியிருக்கிறது. சண்டைக்காரியின் மாதிரிக்கு ரிவெட் ஆணிக் குமிழ்கள் வைத்ததும் இதே ஊசியால்தான்.)

அண்ணா நலமா
விரலால் படி
இவள் இங்கே ஓடுகிறாள்
வா


ஜனவரி 6

வணக்கம் அம்மா. இப்போதும் அவர் சொல்லத்தான் எழுதுகிறேன். தகட்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? முழங்கால் எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். இந்தத் தடவை நெஜமாவே.

தகடு வந்துச்சு. முதல்ல ஒண்ணும் புரியல. பாய்லர்ல ரிவெட் தடவற மாதிரி இடப்பக்கத்துலேர்ந்து மெதுவா தடவினேன். 'அண்ணா'ன்னு வந்துச்சு. அங்கேயே நிறுத்திட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிச்சேன். அவசரம் என்ன? இனிமே உன் கடிதத்துக்கு வெயில் வேண்டாம், லென்ஸ் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

ஆனா மூணாவது வரியில ஒரு ரிவெட் விட்டுப்போயிருக்கு. பாய்லரா இருந்திருந்தா சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். உன் பூதக்கண்ணாடி தப்பவிட்டதை என் விரல் பிடிச்சுடுச்சு, பார்த்தியா?

அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். ஃபயர்மேன் கூட்டிட்டு வர்றா. 'கை வைக்காதீங்க'ன்னு தொங்கற அந்தப் பலகையை அன்னைக்கு ஒரு நாள் கழட்டி வை. மேஜை ஓரத்துல எனக்கு ஒரு கை அகலம் இடம் விடு."